கரைக்கு, கரைப்பக்கம்

துறைமுக அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த மேசை அவளுடையது. பத்தொன்பது வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். படகுகளிலும் கிடங்குகளிலும் கிரேன்களிலும் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் தமிழில்தான் பேசுவார்கள். அலுவலகம் ஆங்கிலத்தில்தான் படிக்கும். யாருக்காவது அடிபட்டால், எதாவது உடைந்தால், யாராவது யாருடைய சட்டையையாவது பிடித்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, அதைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது அவள் வேலை. வார்த்தையில் கறாரானவள் என்று பெயர். கீழ்த்தளத்தில் அவளை டிக்‌ஷனரி என்றுதான் சொல்வார்கள். வயதில் சிறியவர்கள் மரியாதைக்கு டிக்‌ஷனரி அக்கா என்பார்கள்.

கடலோரத்து ஆங்கிலத்தில் கரையைப் பற்றிய வார்த்தைகள் சிக்கலானவை. ஒருமுறை, கப்பல் சமையல்காரர் ஒருவர் காய்கறி வாங்கக் கரையிறங்கியதை எழுதப்போன கிளார்க், அஷோர் என்று போட வேண்டிய இடத்தில் அக்ரௌண்ட் என்று போட்டுவிட்டார். அக்ரௌண்ட் என்றால் கப்பல் தரை தட்டி நிற்பது. ரேடியோ அறையிலிருந்து உடனே போன் வந்தது: சமையல்காரர் தரை தட்டி நிற்கிறாராமே, இழுத்துவர டக் படகு அனுப்பலாமா, ஆள் என்ன கனம் இருப்பார் என்று. ஒரு வாரம் அலுவலகம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த வார்த்தைகள் அவளுக்கு விரல் நுனியில் இருந்தன. அஷோர் என்றால் கரைக்கு வந்து சேர்ந்தாகிவிட்டது, கால் மண்ணில் பட்டாகிவிட்டது. ஷோர்வர்ட் என்றால் கரையை நோக்கி. சேர்ந்தாரா இல்லையா என்பதை அந்த வார்த்தை சொல்லாது. லேண்ட்வர்ட் என்றால் தரை இருக்கிற திசையில். இன்லேண்ட் என்றால் கரையையும் தாண்டி ஊருக்குள்ளே. தமிழில் பேசுகிறவர்கள் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கரைக்கு, கரைப்பக்கம் என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். எது எந்த இடத்தில் என்று பிரித்துப் போடுவதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

வீட்டில் மூன்று பேர். அவள், அம்மா, அவளைவிடப் பதினோரு வயது சிறியவனான தம்பி. தம்பி படகு மெக்கானிக். நங்கூரம் போட்டு வெளியே நிற்கும் கப்பல்களுக்குச் சாமானும் ஆட்களும் கொண்டுபோகும் பணிப்படகுகளில் ஒரு தனியார் கம்பெனிக்கு வேலை பார்த்தான். நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது. சாப்பிட உட்காரும்போது அம்மா அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். அவன் அதற்கென்றே கையை நீட்டுவான்.

அந்த வியாழக்கிழமை காலை அவள் கிளம்பும்போது தம்பியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அன்றைக்கு அவனுக்கு விடுமுறை. தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கூட வேலை செய்யும் இன்னொரு மெக்கானிக்கின் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதும், அவருக்குப் பதிலாகத் தம்பி நாலரை மணிக்கே எழுந்து போயிருந்தான் என்பதும் அவளுக்குத் தெரியாது.

எட்டரை மணிக்கு முதலுதவி அறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பணிப்படகு கவிழ்ந்துவிட்டது, ஒருவரை மீன்பிடிப் படகுக்காரர்கள் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள், வாக்குமூலம் உடனே வேண்டும் என்றார்கள். அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் இறங்கும்போதுகூட அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

கட்டிலின் விளிம்பில், சாம்பல் நிறப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை அவளுக்குத் தெரியும். படகில் கயிறு கட்டும் வேலை செய்கிறவன். ஆறடிக்கு மேல் உயரம், அதனால் நெட்டை என்றே பெயர். தம்பியோடு இரண்டு முறை வீட்டுக்கு வந்து, வாசல் நிலையில் இரண்டு முறையும் தலையை இடித்துக்கொண்டவன். இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்திருந்தான், குடிக்கவில்லை. பக்கத்தில் அன்றைய டியூட்டி அதிகாரி நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ரேடியோ அறை காத்திருக்கிறது, சுருக்கமாக எழுதினால் போதும் என்று அவளிடம் சொன்னார்.

நெட்டை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, உங்களுக்குச் சொல்லிட்டாங்களா?"

"என்னது?"

"தம்பியும் எங்ககூடத்தான் இருந்தான்."

அவள் லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தாள். என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார். படகில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறான் என்றாள். அது பொய்யில்லை. காணாமல் போனவர்களில் ஒருவன் என் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை எழுந்திருக்கச் சொல்லி, கிடங்குப் பகுதியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். அதற்கு அரைமணி நேரம் ஆகியிருக்கும். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல பேர் கேட்டார்கள். அரைமணி நேரம் வீணாகுமே என்று நினைத்ததாகச் சிலரிடம் சொன்னாள். உண்மையில் அப்படி நினைத்தாளா என்று அவளுக்கே நினைவில்லை. விரல்கள் கீபோர்டின் மேல் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

நெட்டை சொன்னான். கப்பலில் சாமானை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். விடிந்தும் விடியாத நேரம். அலைத்தடுப்புச் சுவருக்கு வெகுதூரம் வெளியே இருக்கும்போதே இன்ஜின் நின்றுவிட்டது. படகு பக்கவாட்டில் திரும்பியது. முதல் அலை தூக்கிப் போட்டது, இரண்டாவது அலை கவிழ்த்துவிட்டது. டிரைவர் கேபினுக்குள் மாட்டிக்கொண்டார். இவனும் தம்பியும் கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். தம்பி கையால் படகைத் தட்டிக்கொண்டே இருந்தான். உள்ளேயிருந்து டிரைவரும் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து வரும் சத்தம் தேய்ந்துபோனது. தம்பி, இங்கேயே தொங்கிக்கொண்டிருந்தால் அவர் போய்விடுவார், நான் போய் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஷூவைக் கழற்றினான்.

"கரைப்பக்கமா நீந்திப் போனான், அக்கா," என்றான் நெட்டை.

அவள் தட்டினாள். மொத்தம் பன்னிரண்டு வரி. பதினோராவது வரியில், மெக்கானிக் உதவி தேடி நீந்தி அஷோர் போனார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மேலே மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றியது. அதிகாரி அவள் தோளுக்கு மேலாகவே படித்துவிட்டார். தமிழில் வாசித்துக் காட்டுவதற்கு நேரமில்லை என்றார். நெட்டை போட்ட கையெழுத்து கோடு தாண்டிப் போனது. அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அவள் மாடிக்குத் திரும்பிப் போய், பாதியில் விட்டிருந்த இரண்டு கடிதங்களை முடித்தாள். ஒன்று கிடங்குக் கூரை ஒழுகுவதைப் பற்றி, மற்றது ஒரு காவலாளியின் மூக்குக் கண்ணாடி உடைந்ததைப் பற்றி. இரண்டிலும் ஒரு பிழைகூட இல்லை.

அந்த நேரத்தில் கீழே நடந்தது இதுதான். தேடுவதற்கு இரண்டு படகுகள் வெளியே இருந்தன. ஒன்று கவிழ்ந்த படகைப் பிடித்து நிறுத்தி டிரைவரை எடுக்க முயன்றுகொண்டிருந்தது. மற்றது தண்ணீரில் மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருந்தது. ஒன்பது பத்துக்கு ரேடியோ அறையிலிருந்து இரண்டாவது படகுக்குத் தகவல் போனது. மெக்கானிக் கரைசேர்ந்துவிட்டார், நீங்களும் போய் முதல் படகுக்குக் கைகொடுங்கள் என்று. கரையோரச் சாலையில் தேட ஒரு வேன் கிளம்பியது. டிரைவரை வெளியே எடுத்தபோது அவர் உயிரோடு இல்லை.

மதியத்துக்குள் விஷயம் அலுவலகம் முழுக்கப் பரவியது. அவளுடைய தம்பி என்று தெரிந்ததும் பிரிவு மேலாளர் ஓடிவந்தார். ஏன் சொல்லவில்லை என்று திட்டப்போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தம்பிதான் கரைக்கு வந்துவிட்டானே, எங்கேயாவது மயங்கிக் கிடப்பான், யாராவது தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார். ஆளாளுக்கு வந்து அதையே சொன்னார்கள். அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். படகு கவிழ்ந்துவிட்டது என்றதும் கையிலிருந்த துணியோடு அப்படியே உட்கார்ந்தாள்.

"தம்பி?"

"கரைக்கு நீந்திப் போனானாம்."

அம்மாவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை அவள் பார்த்தாள். அவனுக்குத் தண்ணீர் என்றால் தரை மாதிரி, சின்ன வயதிலேயே அவனைக் குளத்திலிருந்து கரையேற்றப் படாதபாடு பட்டேன் என்று அம்மா பேச ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே துணியை மறுபடி மடித்தாள்.

முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். அவளும் போனாள். ஒவ்வொரு வரவேற்பு மேசையிலும் உயரம், நிறம், வயது, இடது முழங்கையில் சூடுபட்ட தழும்பு என்று ஒரே வரிசையில் சொன்னாள். மூன்றாவது நாள் பேச்சு மாறியது. கரையேறியவன் ஏன் வரவில்லை? இன்ஜின் நின்றதற்கு அவன்தான் காரணம், டிரைவர் செத்தது தெரிந்ததும் பயந்து ஓடிவிட்டான் என்று படகுக் கம்பெனியின் மேலாளர் போலீசில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். தம்பியின் அலமாரியைத் திறந்து பார்த்தார்கள், ஊருக்குள்ளே யார் யார் நண்பர்கள் என்று கேட்டார்கள். கட்டிலுக்கு அடியில் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. போலீஸ் தேடுகிறது என்றால் உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று அவளிடமே நியாயம் பேசினாள். எதிர்வீட்டுக்காரி வந்து இழவு வீட்டுக்கு வந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அம்மா அவளைக் கிட்டத்தட்டத் துரத்தியே விட்டாள். ஒரு பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஷேவிங் சாமான், தலைவலி மாத்திரை எல்லாம் எடுத்து வைத்து, எங்கேயிருந்தாவது போன் வந்தால் உடனே கொண்டுபோக வேண்டும் என்று கதவோரத்தில் வைத்தாள். இவள் தினமும் அந்தப் பையைத் தாண்டித்தான் வெளியே போனாள்.

இவள் அழவில்லை. சாப்பாடு இறங்கியது, தூக்கம்கூட வந்தது. பல் தேய்க்கும்போது பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாமல் போகும், அவ்வளவுதான். உடம்பு ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது, அவள் வேறு எங்கோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பது போல இருந்தது.

ஆறாவது நாள், செவ்வாய்க்கிழமை, விசாரணை ஆரம்பித்தது. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற ஒரு கப்பல் கேப்டன். எழுபதை நெருங்கியவர், வெளியூரிலிருந்து வந்தவர், ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர். காது கொஞ்சம் மந்தம் என்பதால் சாட்சியையும் மொழிபெயர்ப்பாளரையும் தன் வலது பக்கத்தில் உட்காரச் சொன்னார். கூட்ட அறையில் நீளமான மேசை, தண்ணீர் ஜாடி, வரைபடம் ஒன்று. ஒரு பக்கம் கம்பெனி மேலாளர், மறுபக்கம் நெட்டை. அவனுக்கு மொழிபெயர்க்க அவளைப் போட்டிருந்தார்கள். இன்னொரு மொழிபெயர்ப்பாளர் அன்று வேறொரு ஊரில் நீதிமன்றத்தில் இருந்தார். பிரிவு மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முடியுமா என்று கேட்டிருந்தார். முடியும் என்று சொல்லியிருந்தாள். விசாரணை அதிகாரியிடம் உறவைச் சொல்ல அவர் மறந்தார், அவளும் சொல்லவில்லை.

காலை முழுக்க இன்ஜினைப் பற்றியும் அலையைப் பற்றியும் போனது. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டதற்கு, கரையிலிருந்து கடலுக்கு அடித்தது, எதிர்க்காற்று என்றான் நெட்டை. அவள் அதை ஆங்கிலத்தில் சரியாகச் சொன்னாள். அதிகாரி வரைபடத்தில் ஓர் அம்புக்குறி போட்டார். பிறகு, முதல் நாள் வாக்குமூலத்தை எடுத்தார். மெக்கானிக் நீந்தி அஷோர் போனதாக நீ சொல்லியிருக்கிறாய், அவர் கரையில் எழுந்து நின்றதை உன் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார்.

அவள் அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

"தம்பி கரையேறி நின்னத உன் கண்ணால பாத்தியான்னு கேக்கறார்."

நெட்டை அவளையே பார்த்தான்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன், அக்கா? கரைப்பக்கமா போனான்னுதான சொன்னேன். மூணு அலை வரைக்கும் தலை தெரிஞ்சது. அப்புறம் தெரியல. கரை எங்க, நாங்க எங்க. அங்கேருந்து கரையே கண்ணுக்குத் தெரியல."

அறையில் எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். கம்பெனி மேலாளர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். நெட்டை சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். சாட்சி வாக்குமூலத்தை மாற்றுகிறான் என்று அவர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். பயத்தில் நண்பனைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று மேலாளர் சொல்லியிருப்பார். அவள் நெட்டை சொன்னதை முதலில் முழுதாக, ஒரு வார்த்தை விடாமல், ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு அதே குரலில், இனிமேல் சொல்வது சாட்சி சொல்வதில்லை, மொழிபெயர்ப்பாளர் சொல்வது என்றாள்.

முதல் நாளும் அவன் இதையேதான் சொன்னான். ஷோர்வர்ட் என்று எழுதியிருக்க வேண்டும். அஷோர் என்று எழுதியது நான்.

அதிகாரி தலையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினார். அந்த இரண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். எத்தனை வருடமாக இந்த வேலை? பத்தொன்பது. வாசித்துக் காட்டினீர்களா? இல்லை. அவர் வேறொரு தாளை எடுத்தார். அதில் ஒன்பது பத்துக்கு ரேடியோ அறை அனுப்பிய தகவல் இருந்தது. அதை அவள் பக்கம் நகர்த்தினார். இதைப் படித்திருக்கிறீர்களா? அவள் படித்ததில்லை. அப்போதுதான் படித்தாள். இரண்டாவது படகு திரும்பிய நேரம் அதில் தெளிவாக இருந்தது.

காணாமல் போனவரை உங்களுக்குத் தெரியுமா என்று கடைசியாகக் கேட்டார்.

என் தம்பி என்றாள்.

அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் நெட்டை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். பிறகு அதிகாரி விசாரணையை அன்றைக்கு நிறுத்தினார். அவளைத் திட்டவில்லை. வெளியே போகும்போது மட்டும் நின்று, வாக்குமூலம் எழுதிய அன்று காலை உங்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்று கேட்டார். நானேதான் என்றாள்.

அன்று பிற்பகலே படகுகள் மறுபடி கிளம்பின. ஆறு நாள் கழித்து எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓடிப்போனவன் என்ற வழக்கைப் போலீஸ் நிறுத்திவைத்தது. பிரிவு மேலாளர் அவளை இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்.

சாயங்காலம் அவள் அம்மாவிடம் சொன்னாள். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, என்றெல்லாம் செய்யவில்லை. அம்மா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள், இவள் வாசற்படியில் நின்றே சொன்னாள். தம்பி கரைசேர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. கரைப்பக்கம் போனதைத்தான் பார்த்திருக்கிறார்கள். மாற்றி எழுதியது நான்.

அம்மாவுக்குப் புரிய நேரமாயிற்று. அடுப்பை அணைத்தாள்.

"அந்த நெட்டைப் பய மொத நாளே உங்கிட்ட சொன்னானா?"

"சொன்னான்."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்னு சொல்ல முடியாதும்மா. காதுல விழுந்துச்சு."

"ஆறு நாளா நான் பையக் கட்டி வச்சிட்டு உக்காந்திருக்கேன். நீ பாத்துட்டே போய்ட்டு வந்துட்டு இருந்தே."

அம்மா கேட்பதெல்லாம் சரி என்பது தெரிந்தது, ஆனால் அது தெரிந்ததும் எங்கேயும் வலிக்கவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட கன்னத்தைத் தானே கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது. அம்மா அவளைத் தாண்டிக்கொண்டு போய்ப் பையை எடுத்து, தம்பியின் அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினோராவது நாள், கடலடி மணலை அள்ளும் கப்பல்காரர்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். படகு கவிழ்ந்த இடத்திலிருந்து வெகுதூரத்தில், ஒரு மணல்திட்டின் கடல்பக்கத்தில் கிடந்தான். எதிர்க்காற்றும் நீரோட்டமும் அவனைக் கரைக்கு எதிர்த்திசையில்தான் கொண்டுபோயிருந்தன. முழங்கைத் தழும்பை வைத்து அவள்தான் அடையாளம் சொன்னாள். சொல்லிவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

உடலைப் பார்த்த டாக்டர் இளம் வயதுக்காரர். யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, நீந்தப்போன முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும் என்றார். நீங்கள் வாக்குமூலம் எழுதியபோது அவர் உயிரோடு இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அழுத்திச் சொன்னார். நல்ல மனதோடு சொன்னார். அவள் நன்றி சொன்னாள். பெரும்பாலும் என்ற வார்த்தை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது அவளுக்குத் தெரியும். மிகக் குறைவு என்பதும் அப்படித்தான். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அந்த இரண்டையும் ஒருமுறை ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் அவற்றின் அர்த்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இறுதிக் காரியங்களில் அம்மா எல்லாரோடும் பேசினாள், அவளோடு பேசவில்லை. நெட்டை மூன்று நாளும் வந்து நாற்காலி போட்டான், தண்ணீர் எடுத்துக் கொடுத்தான், ஆட்களை வழியனுப்பினான். ஒருமுறைகூட அவன் தலை நிலையில் இடிக்கவில்லை. குனிந்தே இருந்தான்.

விசாரணை அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தது. யாரோ தண்ணீரில் விட்டுப்போன பழைய கட்டுக்கயிறு படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டதால்தான் இன்ஜின் நின்றது, மெக்கானிக்கின் மேல் எந்தத் தவறும் இல்லை, உள்ளே மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்ற உதவி தேடிப்போய் உயிரை விட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். படகில் அவசர விளக்கும் மிதவைச் சட்டையும் போதாமல் இருந்தது கம்பெனியின் தவறு என்றார்கள். முதல் வாக்குமூலத்தில் ஒரு மொழிபெயர்ப்புப் பிழை நேர்ந்ததும், அதனால் கடலில் தேடுவது நின்றதும், மொழிபெயர்ப்பாளர் தானாகவே முன்வந்து அதை ஒப்புக்கொண்டதும் ஒரே பத்தியில் இருந்தன. இரத்த உறவினரை வாக்குமூலம் எழுத உட்காரவைக்கக் கூடாது, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது என்று இரண்டு விதிகளை அடிக்கோடிட்டுச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் முன்பே இருந்த விதிகள்தான்.

பிழை என்ற அந்த வார்த்தையில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். தெரியாமல் நடந்தால் பிழை. தெரிந்து செய்தால் அதற்கு வேறு வார்த்தை. இரண்டுக்கும் நடுவே நடப்பதற்கு ஒரு வார்த்தை அவளிடம் இரண்டு மொழியிலும் இல்லை. அன்று அந்த அறையில் தான் என்ன நினைத்தாள் என்று எத்தனையோ தடவை தேடிப் பார்த்திருக்கிறாள். அவளுக்குக் கிடைப்பதெல்லாம் இழுத்துக்கொண்டு சுற்றும் மின்விசிறிதான்.

வாக்குமூல வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டுச் சரக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெட்டிகளின் மேல் ஒட்டுகிற எச்சரிக்கைகளையும், இயந்திரங்களோடு வரும் குறிப்புகளையும் தமிழில் எழுதும் வேலை. தலைகீழாக வைக்கக் கூடாது, ஈரம் படக் கூடாது, இருவர் சேர்ந்து தூக்கவும். புது இடத்தில் யாரும் அவளை டிக்‌ஷனரி என்று கூப்பிடவில்லை. பழைய ஆட்கள் பார்த்தால்கூட வெறுமனே அக்கா என்றுதான் சொன்னார்கள்.

ஒருநாள் பகல் உணவு நேரத்தில் நெட்டை அவளைத் தேடிக்கொண்டு வந்தான். படகு வேலையை விட்டுவிட்டானாம். ஊருக்குள்ளே ஒரு மரக்கடையில் ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டான். கேட்டுவிட்டு, முடியாவிட்டால் பரவாயில்லை, வேறு யாரிடமாவது போகிறேன் என்று உடனே சேர்த்துக்கொண்டான். அவள் தாளை வாங்கிக்கொண்டாள். கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் முழங்கால் மேசைக்கு அடியில் கொள்ளாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதியானது. முந்தைய வேலையை விட்டதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"இதுல என்ன எழுத?"

"நல்லதா ஏதாவது போடுங்க, அக்கா. உங்களுக்குத் தெரியாததா."

"நீ சொல்லு. நீ சொல்றத எழுதறேன்."

அவன் தாளைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கட்டத்தைப் பார்த்தான். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"தண்ணியப் பாத்தா கை நடுங்குது. அதான் காரணம். ஆனா அப்படி எழுதினா வேல குடுப்பானா?"

"தெரியல."

அவள் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதியதும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தமிழில் வாசித்துக் காட்டினாள். அவன் ஒவ்வொரு வரிக்கும் ம், ம் என்றான். கையெழுத்துப் போட்டான். இந்த முறை கோட்டுக்குள் இருந்தது.

அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஓர் அச்சகத்தில் காகிதக் கட்டு சுமக்கும் வேலை கிடைத்தது. வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அம்மா அவளிடம் பேச ஆரம்பித்தது அதற்கும் பிறகுதான். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் காய் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் இறங்குதாம், நம்ம குளியலறையிலிருந்துதானாம், ஆளை வரச் சொல்லு என்றாள். அவள் போன் பண்ணிச் சொன்னாள். பிளம்பர் பதினோரு மணிக்கு வந்து தரையில் இரண்டு ஓட்டை உடைத்துப் பார்த்தார். அம்மா ஒரு பக்கம் வாளியைப் பிடித்துக்கொண்டாள், அவள் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். குழாயின் இணைப்பு இற்றுப்போயிருந்தது. மாற்றி முடிக்கப் பகல் இரண்டு மணியானது. அவர் போன பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தரையைத் துடைத்தார்கள். நேரமாகிவிட்டது, சாப்பிட வா என்றாள் அம்மா. அவள் கையைக் கழுவிக்கொண்டு போனாள்.